கைத் தழும்பில் இருந்தது எந்த அம்மை?

நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூரில் தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலோருக்குக் கையில் ஓர் அம்மைத் தழும்பு உண்டு. காலணா அகலம், நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் சுருக்கம். சிலருக்கு மேற்கையில், சிலருக்கு முன்கையில். இரண்டு மூன்று தழும்புகள் வரிசையாக இருப்பவர்களும் உண்டு. இளையவர்களின் தோளில் தெரியும் சின்ன வடு வேறு. அது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம்.

அம்மை குத்த வந்தவர் அந்தக் கையில் எதை வைத்துக் குத்தினார்? 'வீரியம் குறைத்த பெரியம்மைக் கிருமி' என்பார்கள் சிலர். பள்ளியில் ஜென்னர் பாடம் நினைவிருப்பவர்கள் 'மாட்டம்மைக் கிருமி' என்பார்கள். இரண்டு பதிலும் தவறு. குத்தப்பட்டது வாக்சினியா என்னும் வைரஸ். பெரியம்மையை உண்டாக்கும் வேரியோலா வைரஸும் அது இல்லை, மாட்டம்மை வைரஸும் இல்லை. பெரியம்மைக்கும் அதற்கும் என்ன உறவு என்ற கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தச் சண்டையில் நம் சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. ஒருமுறை தவறு செய்த இடமாக, இன்னொரு முறை தவறைக் காட்டிக்கொடுத்த சாட்சியாக.

ஜென்னர் தம் நூலை 1798இல் வெளியிட்டார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்டால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தைக் குத்தினார்கள்; இந்தியாவில் வெற்றிகரமாகப் பலித்த முதல் குத்து அதுதான். அந்தக் குழந்தையின் கொப்புளத்து நீரிலிருந்து அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கை விட்டுக் கை மாறி மருந்து தெற்கே வந்தது. சேலம் பகுதி 1792இலேயே திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிருந்ததால், வெண்ணந்தூர் இருக்கும் இந்தச் சமவெளியும் அந்தச் சங்கிலிக்குள் வந்தது.

மக்கள் தயங்கினார்கள். ஊரார் குழந்தையின் புண்நீரைத் தம் பிள்ளையின் உடம்பில் ஏற்றிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? மாரியம்மனின் விளையாட்டில் சர்க்கார் கைவைப்பதா என்ற கேள்வி வேறு. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ், இந்தத் தயக்கத்தைப் போக்கத் தமிழிலேயே ஒரு கதை எழுதினார். பசுவின் அம்மையைத் தெய்வத்தின் கொடையாகக் காட்டி, சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக அமைத்த கதை. நோக்கம் நல்லது, கதை கட்டுக்கதை. இப்படிப் புனைந்தவை பிற்காலத்தில் 'அம்மை குத்துவது நம் பழைய சாத்திரத்திலேயே இருக்கிறது' என்ற வாதத்துக்கு ஆதாரமாகிப் போனதுதான் வேடிக்கை. பெரியம்மைப் புண்நீரையே எடுத்துக் குத்தும் வழக்கம் இந்தியாவில் இருந்தது உண்மை. மாட்டு அம்மையைக் குத்தியதற்குச் சான்று கிடையாது.

ஜென்னர் மாட்டம்மைக்கு வைத்த இலத்தீன் பெயருக்கே 'மாட்டின் பெரியம்மை' என்றுதான் பொருள். மாட்டுக்கு வருவதும் மனிதனுக்கு வருவதும் அடிப்படையில் ஒரே நோய் என்பது அவர் எண்ணம். அந்த நோய் குதிரையின் குளம்புப் புண்ணிலிருந்து மாட்டு மடிக்கு வந்தது என்றும் அவர் நம்பினார். குதிரைச் செய்தியை அப்போது பலர் ஏற்கவில்லை. அது பின்னால் தேவைப்படும்.

ஒரே நோய் என்றால், பெரியம்மைச் சீழை மாட்டில் ஏற்றினால் அது தணிந்து அம்மைப்பாலாக மாற வேண்டும் அல்லவா? 1839இல் இங்கிலாந்தில் சீலி என்ற மருத்துவர் அப்படியே செய்து வெற்றி கண்டதாக அறிவித்தார். அடுத்து பாட்காக் என்பவரும் சொன்னார். பிரான்சில் லியோன் நகரத்தில் சோவோ தலைமையிலான குழு 1865இல் எதிர் முடிவைச் சொன்னது: கன்றின் தோலில் சிறு தடிப்புகள்தான் வந்தன, அந்தத் தடிப்பிலிருந்து எடுத்ததைக் குழந்தைக்குக் குத்தினால் பெரியம்மையே வந்தது. தணியவும் இல்லை, மாறவும் இல்லை. இப்படிக் குழந்தைகளை வைத்துப் பார்த்த சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் அந்த நூற்றாண்டில் நடந்த சோதனைகளில் சரியான விடைக்கு அருகே வந்தது அதுதான்.

இந்த நிலையில்தான் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையின் டபிள்யூ. ஜி. கிங் இந்த வேலையில் இறங்கினார். கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிறுவனம் அவர் பெயரில் உள்ளதுதான். அவருக்கு இது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் இல்லை. சித்திரை வெயிலில் சேலம், திருச்சி போன்ற ஊர்களுக்கு அனுப்பும் அம்மைப்பால் வழியிலேயே செத்துவிடும். குத்தினால் பலிக்காது. பலிக்காத குத்தை நம்பி இருப்பவருக்குப் பெரியம்மை வந்தால், ஊரே மருந்தைக் கைவிட்டுவிடும். கையிலிருந்து கைக்குக் குத்தும் சங்கிலி அறுந்துபோனால் புதிய பால் எங்கிருந்து வரும்? பெரியம்மை நோயாளிக்கு இங்கே பஞ்சமில்லை. அவரிடமிருந்து எடுத்துக் கன்றில் ஏற்றிப் புதிய அம்மைப்பால் உண்டாக்க முடிந்தால், எந்த ஊரிலும் எப்போதும் மருந்து கிடைக்கும்.

வேலை நடந்த விதம் இதுதான். கன்றைப் பலகையில் படுக்கவைத்துக் கட்டுவார்கள். வயிற்றுத் தோலை மழித்து, கழுவி, கத்தி முனையால் வரிவரியாகக் கீறுவார்கள். இரத்தம் சொட்டாத அளவுக்கு மேலாகக் கீற வேண்டும். நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை அந்தக் கீறலில் தேய்ப்பார்கள். ஐந்தாறு நாளில் சில இடங்களில் சிவந்து தடிக்கும், அவ்வளவுதான். அந்தத் தடிப்பைச் சுரண்டி அடுத்த கன்றுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. மூன்றாவது நான்காவது கன்றில் திடீரென்று முத்துமுத்தாகக் கொப்புளம் எழும், அச்சு அசல் அம்மைப்பால் கொப்புளம். கிங் 'மாறிவிட்டது' என்றார். கல்கத்தாவின் சிம்சன், ஜெனீவாவின் ஹாக்சியஸ், எத்தர்னோ, லண்டனின் கோப்மன் என்று ஒரே காலத்தில் பலர் இதையே சொன்னார்கள்.

அத்தனை பேரும் பொய் சொன்னார்கள் என்று எண்ண வேண்டாம். கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் வராதது ஒன்று இருந்தது: அதே கொட்டகை, அதே பலகை, அதே கத்தி, அதே ஆட்கள். முந்தின நாள் வழக்கமான அம்மைப்பால் ஏற்றிய கன்று நின்ற இடத்தில் மறுநாள் சோதனைக் கன்று நிற்கும். வாக்சினியா காய்ந்த பொருக்கில் பல நாள் உயிரோடு இருக்கும், மாட்டுத்தோலில் செழித்து வளரும். பெரியம்மையோ மாட்டில் தட்டுத்தடுமாறித்தான் பிடிக்கும். துளி வாக்சினியா கலந்தாலும் மூன்று கன்று தாண்டுவதற்குள் பெரியம்மை காணாமல் போய் வாக்சினியா மட்டும் மிஞ்சும். பார்ப்பவருக்கு ஒன்று இன்னொன்றாக மாறியதாகத்தான் தெரியும்.

சொன்ன முடிவு தவறாக இருந்தும் கிங் செய்த வேலை வீணாகவில்லை. அம்மைப்பாலை லனோலின் என்ற கம்பளிக் கொழுப்பில் குழைத்து வெயிலுக்குத் தாங்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கன்றில் தயாரிக்கும் முறையை மாகாணம் முழுக்க நிலைநாட்டியவரும் அவர்தான். கிண்டியிலிருந்து போன மருந்து பலித்தது. அதில் இருந்தது மாறிய பெரியம்மை என்று அவர் நினைத்தார், பழைய வாக்சினியாவேதான் இருந்தது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி வந்தது இருபதாம் நூற்றாண்டில். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு இது பிடிக்கும்: கருவி கோழி முட்டைதான். அடைவைத்த முட்டையின் ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வின்மேல் வைரஸை விட்டால் அது புள்ளி புள்ளியாக வளரும். பெரியம்மையின் புள்ளி சிறியது, வெண்மையானது, குமிழ்போல் எழுந்து நிற்கும். வாக்சினியாவின் புள்ளி பெரியது, தட்டையானது. முட்டையின் வெப்பத்தைக் கூட்டினால் பெரியம்மை 38.5 பாகையோடு நின்றுவிடும், வாக்சினியா 41 பாகைவரை வளரும். 1939இல் பிரிட்டனின் ஆலன் டவுனி இன்னொரு குண்டைப் போட்டார். பசுவின் மடியிலிருந்து நேரே எடுத்த மாட்டம்மை, இரத்தம் கசிந்த சிவப்புப் புள்ளிகளை உண்டாக்கியது. மருந்துச் சாலைகளில் இருந்த வாக்சினியா அப்படிச் செய்யவில்லை. உலகமெல்லாம் 'மாட்டம்மை' என்று நம்பிக் குத்திவந்தது மாட்டம்மையே இல்லை.

மாறுமா மாறாதா என்ற சண்டையை முடித்துவைத்தவர்கள் ஜெர்மனியின் ஹெர்லிக், மயர் குழுவினர். கலப்புக்கு வழியே இல்லாமல் திட்டமிட்டு, 1963இல் முடிவை வெளியிட்டார்கள்: பெரியம்மை வைரஸை எத்தனை விலங்கில் ஏற்றினாலும் அது வாக்சினியா ஆகாது.

அப்படியானால் ஒன்று மற்றொன்றை எப்படித் தடுக்கிறது? இதற்குச் சென்னையைவிடத் தெளிவாகப் பதில் சொன்ன ஊர் வேறில்லை. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏ. ராமச்சந்திர ராவ் 1960களில் ஆயிரக்கணக்கான பெரியம்மை நோயாளிகளைப் படுக்கையருகே இருந்து பார்த்து வகைப்படுத்தினார். அவர் 1972இல் வெளியிட்ட நூல் இன்றும் உலகம் மேற்கோள் காட்டும் பெரியம்மை நூல். அம்மை குத்திக்கொள்ளாத 3,544 நோயாளிகளில் 35.5 விழுக்காட்டினர் இறந்தார்கள். எப்போதோ ஒருமுறை குத்திக்கொண்ட 3,398 பேரில் இறந்தவர்கள் 6.3 விழுக்காடு. இந்தக் கணக்கை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டாவது வரிசையில் இருப்பவர்கள், குத்தியும் நோய் வந்தவர்கள், அதாவது மருந்து பாதி தோற்ற ஆட்கள். முழுதாகப் பலித்தவர்கள் மருத்துவமனை வாசலுக்கே வரவில்லை. பாதி தோற்ற இடத்திலும் சாவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்திருக்கிறது இன்னொரு வைரஸ்.

அதே சென்னையில் அமெரிக்கரான ஹென்றி கெம்ப், டவுனியும் உள்ளூர் மருத்துவர்களும் சேர, இன்னும் நேரடியாகச் சோதித்தார். வாக்சினியா குத்தியவர்களின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து, பெரியம்மை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். 1961இல் வந்த முடிவு: ஊசி போட்ட 326 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது, போடாத 379 பேரில் 21 பேருக்கு. வாக்சினியாவைக் கண்டு உடம்பு செய்த ஆயுதம் பெரியம்மை வைரஸின் மேலும் ஒட்டுகிறது. இரண்டின் வெளிப்புறத்திலும் அத்தனை ஒற்றுமை.

உறவு நெருக்கம், ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறாது. 1960களில் விஷயம் இங்கே நின்றது. அப்போது நெதர்லாந்திலிருந்து ஓர் இடி.

அந்நாட்டின் பில்தோவன் ஆய்வகத்தில் 1964இல், நோயில்லாத குரங்குகளின் சிறுநீரகச் செல் வளர்ப்பிலிருந்து இரண்டு வைரஸ்கள் கிடைத்தன. முட்டைச் சவ்வில் வெண்புள்ளி. எந்தச் சோதனையிலும் பெரியம்மைபோலவே இருந்தன. 'வெள்ளை அம்மை' என்று பெயர் வைத்தார்கள். காட்டுக் குரங்கின் உடலில் பெரியம்மை ஒளிந்திருக்கிறது என்றால் ஒழிப்புத் திட்டமே வீண். மனிதர்களிடம் ஒழித்தாலும் குரங்கிலிருந்து திரும்ப வரும். போதாததற்கு, மாஸ்கோ ஆய்வகம் ஒன்று குரங்கம்மை வைரஸிலிருந்தே இப்படிப்பட்ட வெள்ளை வகை பிறப்பதாக அறிவித்தது. சீலியும் கிங்கும் சொன்ன கதைதான் புதிய உடுப்பில் வந்தது: ஓர் அம்மை இன்னோர் அம்மையாக மாறுகிறது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் பதிவானார், 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். அப்போதும் இந்த ஐயம் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேசையிலேயே கிடந்தது.

அதை அவிழ்த்தவர்கள் டம்பெல், கப்சென்பெர்க் என்ற இருவர். 1982இல், இரண்டு வெள்ளை அம்மை வைரஸ்களின் டி.என்.ஏ.வை நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளின் வரிசையைத் தென்னிந்தியாவிலிருந்து போன இரண்டு பெரியம்மை மாதிரிகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். குரங்கில் கிடைத்ததாகச் சொன்னவையும் நம் ஊர் நோயாளியிடமிருந்து போனதும் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருந்தன. மாதிரிகள் அதே ஆய்வகத்தில், அதே காலத்தில் கையாளப்பட்டவை. குரங்கு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிங்கின் கொட்டகையில் நடந்ததேதான் ஐரோப்பாவின் சுத்தமான ஆய்வகத்திலும் நடந்தது, மேசையிலிருந்து மேசைக்குக் கலப்பு. மாஸ்கோவின் கூற்றும் டி.என்.ஏ. ஒப்பீட்டில் நிற்கவில்லை.

இன்று முழு மரபணுத் தொடரே கையில் இருக்கிறது. முதலில் முழுதாக வாசித்த பெரியம்மை வைரஸ்களில் ஒன்று 'இந்தியா-1967'. ரஷ்யாவில் வாசித்து 1993இல் வெளியிட்டார்கள். 1,85,000 எழுத்துகளுக்குச் சற்று மேல். வாக்சினியாவின் தொடர் 1990இலேயே வந்துவிட்டது; 1,91,000க்குச் சற்று மேல். நடுப்பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடெல்லாம் இரு ஓரங்களில். பெரியம்மையில் ஓரத்து மரபணுக்கள் பல உடைந்து செயலற்றுக் கிடக்கின்றன. ஆளுக்கு ஆள் மட்டும் தொற்றிப் பிழைக்கும் வைரஸுக்கு அவை தேவைப்படவில்லை. அதனால்தான் வேறு விலங்கிலும் அது நிலைப்பதில்லை, அதனால்தான் அதை ஒழிக்கவும் முடிந்தது. அதற்கு மிக நெருங்கியவை ஒட்டகத்தின் அம்மையும், ஆப்பிரிக்கக் காட்டெலி ஒன்றில் கிடைத்த அம்மையும். வாக்சினியா வேறு கிளை. பங்காளி வீடுதான், தாய்வீடு இல்லை.

அந்தக் கிளையின் வேர் எங்கே? மங்கோலியாவில் 1976இல் குதிரையிலிருந்து எடுத்த அம்மை வைரஸின் தொடர் 2006இல் வெளிவந்தபோது, அது வாக்சினியாவின் குடும்பத்துக்குள்ளேயே உட்கார்ந்தது. 2017இல் அமெரிக்காவின் மல்ஃபோர்டு நிறுவனம் 1902இல் தயாரித்த பழைய அம்மைப்பாலை வாசித்தபோது, அதன் நடுப்பகுதி குதிரையம்மையோடு 99.7 விழுக்காடு ஒத்தது. ஜென்னரின் குதிரையைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை. மாட்டம்மை, குதிரையம்மை என்று பெயர் வைத்தாலும் மாடும் குதிரையும் இடையில் வந்து மாட்டிக்கொண்டவை. மாட்டம்மையின் நிரந்தர வீடு எலி இனங்களில் என்று இன்று தெரியும்.

வாக்சினியா ஒருவழிப் பயணமும் செய்யவில்லை. மனிதக் கையில் குத்தியது கால்நடைக்கும் போயிருக்கிறது. 1934இல் லாகூர்ப் பக்கம் விவரிக்கப்பட்ட எருமையம்மை, பிறகு வட இந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மடியில் கொப்புளமாக எழுந்து, கறப்பவர் விரலிலும் புண்ணானது. அதன் மரபணு வாக்சினியாவின் மரபணுதான். அம்மை குத்துவதை அரசு 1970களின் இறுதியில் நிறுத்திவிட்டது, எருமை நிறுத்தவில்லை.

பங்காளி வைரஸை வைத்து நோயைத் தடுக்கும் உத்தி இந்தச் சமவெளியில் இன்றும் அன்றாட வேலை. நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் இறக்கைச் சவ்வில் இருமுனை ஊசியால் குத்துவது கோழியம்மைக்கு. கோழியம்மைக்குப் புறாவின் அம்மை வைரஸைக் கொண்டும் தடுப்பு மருந்து செய்வதுண்டு. குத்திய ஏழெட்டு நாளில் அந்த இடத்தில் முடிச்சு எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அன்று அம்மை குத்தியவர் ஊருக்குத் திரும்பி வந்து கைகளைப் பார்த்ததுபோல. மாடுகளுக்குத் தோல்கழலை நோய் பரவிய 2022இல் நம் நாட்டு மாடுகளுக்குப் போட்டது ஆட்டம்மைத் தடுப்பூசி. 'ஆட்டு ஊசி மாட்டுக்கு எப்படிக் கேட்கும்?' என்று மாடு வைத்திருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ராமச்சந்திர ராவின் கணக்கில் அதற்கான பதில் இருக்கிறது. கேட்கும், எவ்வளவு கேட்கும் என்பது உறவின் நெருக்கத்தைப் பொறுத்தது.

குரங்கம்மைக்கு இப்போது உலகம் பயன்படுத்தும் தடுப்பு மருந்தும் வாக்சினியாவின் வழிவந்ததுதான். 1963இல் மாற்றக் கதையை முடித்துவைத்த அதே குழுவின் அன்டன் மயர், அங்காரா நகரத்து வாக்சினியாவைக் கோழிக்குஞ்சுச் செல்களில் 500 தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து, மனிதச் செல்லில் பெருக முடியாதபடி ஆக்கினார். வாக்சினியாவைப் பெரியம்மையிலிருந்து பிரித்துக் காட்டியவர் கையிலேயே அதன் பத்திரமான வடிவமும் பிறந்தது.

குதிரையின் தடயம் வெளிப்பட்டது யாரோ எறியாமல் வைத்திருந்த 1902ஆம் ஆண்டு மருந்தினால். ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் கிடந்த, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து அம்மை குத்தும் பெட்டிகளிலிருந்தும் வாக்சினியாவின் டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் பழைய நகராட்சி மருத்துவமனைகள், மிஷன் மருந்தகங்கள், அம்மை குத்தும் வேலை பார்த்தவர்களின் வீட்டு அலமாரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. அங்கே மெழுகு வைத்து மூடிய கண்ணாடிக் குழாயோ, பொருக்குப் போட்ட தகரடப்பியோ, குத்தல் பதிவேடோ கண்ணில் பட்டால் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குழாயையும் டப்பியையும் திறக்காமல், அசைக்காமல், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ கிண்டி கிங் நிறுவனத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.